மூடுபனியிலும் தெரிகிற ஓவியம்: கம்பம், குமுளி பள்ளிகளுக்கு ஒரு செய்முறை வழிகாட்டி

ஜனவரி வந்தால் சாலைப் பாதுகாப்பு மாதம். பள்ளியில் சார்ட் பேப்பர் வாங்கி, ‘தலைக்கவசம் உயிர்க்கவசம்’ என்று எழுதி, பக்கத்தில் ஒரு மோட்டார் சைக்கிள் வரைந்து, வகுப்பறைச் சுவரில் ஒட்டி, பரிசும் கொடுத்து முடித்துவிடுவார்கள். அந்தச் சார்ட்டை எந்த டிரைவரும் பார்க்கப்போவதில்லை. அதோடு, ஜனவரி பிறக்கும்போது கார்த்திகை போய் மார்கழியும் பாதி கடந்திருக்கும். கம்பத்திலிருந்து குமுளிக்கும் கம்பம்மெட்டுக்கும் ஏறுகிற சாலைகளில் மூடுபனி, ஐயப்ப பக்தர்களின் வண்டிகள், கறுப்பு வேட்டியில் நடந்து போகிறவர்கள், விடியலுக்கு முன் ஏலத்தோட்டத்துக்கு ஆளேற்றிப் போகிற ஜீப்புகள் எல்லாம் ஒன்றாகச் சேர்வது அந்த இரண்டு மாதங்களில்தான்.

பனிக்கட்டி விழுகிற நாடுகளில் இதற்கு ஒரு வழக்கம் உண்டு. அமெரிக்காவில் ஓஹையோ, வட டகோட்டா போன்ற மாநிலங்களின் போக்குவரத்துத் துறை, சாலையில் பனியைத் தள்ளும் வண்டியின் முன்தகட்டைப் பள்ளிகளிடம் கொடுத்து ஓவியம் தீட்டச் சொல்கிறது. குளிர்காலம் முழுக்க அந்த ஓவியத்தோடுதான் வண்டி சாலையில் ஓடும். நமக்குப் பனி தள்ளும் வண்டி தேவையில்லை. ஆனால் மாணவர் வரைந்தது சுவரில் தொங்காமல் சாலைக்குப் போக வேண்டும் என்கிற அந்த ஏற்பாடு நமக்கும் பொருந்தும்.

இந்தப் பக்கத்துப் பள்ளிகளில் செய்யக்கூடியவை மூன்று: பாதயாத்திரை போகிறவர்களுக்குக் கணுக்கால் பட்டை, ஜீப்புக்கு ஸ்டெப்னி உறை, பள்ளி வாசலுக்கு ஒரு பலகை. முதல் வருடம் பட்டையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். செலவு குறைவு, யாரிடமும் எழுத்து அனுமதி வாங்க வேண்டியதில்லை, தவறு நடந்தாலும் ஒரு பட்டைதான் வீணாகும்.

எப்போது தொடங்குவது

கார்த்திகை முதல் தேதி நவம்பர் 16 அல்லது 17-ல் வரும். மாலை போடுகிற அன்றே பட்டை கைக்குக் கிடைக்க வேண்டும். டிசம்பரில் அரையாண்டுத் தேர்வு இருப்பதால் அப்போது எந்த வேலையும் நகராது. காலாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்ததும் வடிவம் போட்டு, தீபாவளிக்கு முன் பொருள் வாங்கி, நவம்பர் முதல் வாரத்துக்குள் தையலை முடிப்பதுதான் சரியான கணக்கு. கேரளப் பக்கம், வண்டிப்பெரியாறு, பீர்மேடு வட்டாரத் தமிழ்வழிப் பள்ளிகளில் அந்த நேரத்தில் கலோத்சவ (பள்ளிக் கலைவிழா) வேலை இருக்கும். ஓவிய ஆசிரியரை நம்பி மட்டும் திட்டம் போடாமல் தையல் தெரிந்த ஒருவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, ஐப்பசி அடைமழை. ஈரம் இருக்கிற நாளில் ஸ்டிக்கர் ஒட்டாது, பெயின்ட் காயாது. ஒட்டுகிற வேலையை வெயில் வருகிற நாளின் நடுப்பகலுக்கு ஒதுக்கிவையுங்கள். குமுளியில் காலை எட்டு மணிக்கு ஒட்டிய ஸ்டிக்கர் மறுநாளே ஓரம் தூக்கும். குளிர்ந்த தகட்டில் பசை பிடிக்காது.

இருட்டில் எது தெரியும்

வரைகிறதற்கு முன் மாணவர்கள் புரிந்துகொள்ள வேண்டியது இதுதான். சாதாரண பெயின்ட், அது எவ்வளவு பளிச்சென்ற நிறமானாலும், தன்மேல் விழும் வெளிச்சத்தை எல்லாத் திசைக்கும் சிதறடிக்கிறது. டிரைவர் கண்ணுக்குத் திரும்பி வருவது மிகக் கொஞ்சம். கடைகளில் ‘ரேடியம்’ என்று விற்கும் பிரதிபலிப்புத் தாளில் நுண்ணிய கண்ணாடி மணிகளோ பட்டகங்களோ இருக்கின்றன. வெளிச்சம் எங்கிருந்து வந்ததோ, ஏறக்குறைய அங்கேயே அதைத் திருப்பி அனுப்பிவிடும். ஹெட்லைட்டுக்குச் சற்று மேலே டிரைவர் கண் இருப்பதால் அவருக்கு மட்டும் பளீரென்று தெரியும். பக்கத்தில் நிற்கிறவருக்கு ஒன்றும் தெரியாது.

கடையில் ஏமாறுவது இந்த இடத்தில்தான். ரேடியம் என்ற பெயரில் மூன்று சரக்கு கிடைக்கிறது. ஒன்று உண்மையான பிரதிபலிப்புத் தாள். இன்னொன்று பகலில் பளபளக்கும் பச்சை, ஆரஞ்சு ஸ்டிக்கர். இது இரவில் வெறும் பிளாஸ்டிக். மூன்றாவது, விளக்கணைத்தால் கொஞ்ச நேரம் மங்கலாக ஒளிர்கிற ரகம். சாலைக்கு முதல் ரகம்தான் உதவும். சோதிக்க, கடையின் நிழலான மூலையில் தாளை வைத்து நாலைந்து மீட்டர் தள்ளி நின்று, செல்போன் டார்ச்சைக் கண்ணுக்குப் பக்கத்தில், கன்னத்தை ஒட்டிப் பிடித்துப் பாருங்கள். தாள் விளக்குப் போட்டதுபோல் எரிய வேண்டும். டார்ச்சை இடுப்புக்கு இறக்கினால் மங்க வேண்டும். இரண்டும் நடந்தால் வாங்கலாம்.

நிறத்தையும் கவனியுங்கள். கண்ணாடி மணி வைத்த அடிப்படை ரகத் தாளுக்கு, நேர்முகமாகப் பார்க்கும் நிலையில் தர அளவுகோல் கேட்கிற குறைந்தபட்சப் பிரதிபலிப்பு எண்கள் இவை: வெள்ளை 70, மஞ்சள் 50, ஆரஞ்சு 25, சிவப்பு 14, பச்சை 9, நீலம் 4. நீலத்தில் வரைந்த அழகான மலை இரவில் காணாமல் போகிறதற்குக் காரணம் இதுதான். ஆள் தெரிய வேண்டுமானால் வெள்ளை அல்லது மஞ்சள். மற்ற நிறங்களைப் பகலுக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வெள்ளைத் தாளின் மேலேயே பெயின்ட் அடித்துப் படம் போடுவது பிள்ளைகள் முதலில் செய்கிற தவறு. பெயின்ட் பட்ட இடம் செத்துவிடும். அதையே சாதகமாக்கிக்கொள்ளலாம். வெளிச்சத்தைத் தாள் தந்துவிடுகிறது, மாணவர் இருட்டை மட்டும் வரைந்தால் போதும். பிரகாசமான தளத்தின்மேல் தடித்த கறுப்பு உருவம், அவ்வளவுதான். கோலம், நுணுக்கமான நிழல், முகபாவம் எல்லாம் இங்கே வேலைக்கு ஆகாது. இதைக் கேட்டதும் நன்றாக வரைகிற பிள்ளைகளுக்கு முகம் சுருங்கும். முதல் இரவுச் சோதனையைப் பார்த்த பிறகு அவர்களே கோடுகளைக் குறைப்பார்கள்.

கணுக்கால் பட்டை

நெஞ்சிலோ முதுகிலோ ஒட்டிய ரேடியம் நகராமல் ஒரே புள்ளியாகத் தெரியும். கிலோமீட்டர் கல்லோ, மரத்தில் கட்டிய தகடோ என்று டிரைவர் நினைத்துவிடலாம். கணுக்காலில் கட்டியது முன்னும் பின்னும் ஆடும். அந்த அசைவைப் பார்த்த கணத்தில் ‘ஆள் நடக்கிறார்’ என்று கண் கண்டுகொள்ளும். தாழ்த்திய ஹெட்லைட்டின் வெளிச்சம் முதலில் விழுவதும் காலில்தான். பக்தர்கள் வெறுங்காலோடு நடப்பதால் செருப்பில், ஷூவில் ஒட்டுகிற யோசனை இங்கே செல்லாது.

நூறு பேருக்கு, ஆளுக்கு இரண்டாக 200 பட்டைக்கான கணக்கு இது. துணியில் தைக்கிற சாம்பல் நிற ரேடியம் நாடா, 5 செ.மீ. அகலம், பட்டைக்கு 30 செ.மீ. வீதம் 60 மீட்டர். அடித்துணி காடாவோ கேன்வாஸோ, 90 செ.மீ. அகலத்தில் 9 மீட்டர் (ஒரு மீட்டரில் 42 × 8 செ.மீ. துண்டு 24 விழும்). வெல்க்ரோ, 2.5 செ.மீ. அகலம், இரண்டு பக்கமும் சேர்ந்த ஜோடியாக 16 மீட்டர், அதாவது பட்டைக்கு 8 செ.மீ. துணி பெயின்ட், வெள்ளை நூல், 16-ஆம் எண் தையல் ஊசி. சாம்பல் நாடா பகலில் அழுக்காகத்தான் தெரியும், இரவில் வெள்ளையாக எரியும். அதைப் பார்த்துவிட்டு மாற்றிக் கேட்காதீர்கள்.

1. துணித் துண்டின் நான்கு ஓரத்தையும் அரை செ.மீ. மடித்துத் தையுங்கள். கிடைப்பது ஏறக்குறைய 41 × 7 செ.மீ. பட்டை.

2. நடுவில் 5 செ.மீ. நாடா போக மேலும் கீழும் ஒரு செ.மீ. வீதம் மிஞ்சும். மாணவரின் ஓவியத்துக்கு உரிய இடம் அந்த ஓரம். நாடாவைத் தைப்பதற்கு முன்பே வரைந்து ஒரு நாள் காயவிடுங்கள். பிறகு வரைந்தால் பெயின்ட் நாடாவில் தெறிக்கும்.

3. நாடாவை முழுத் துண்டாகவும் தைக்கலாம். வடிவம் வேண்டுமென்றால் சாய்வாக ஐந்து துண்டாக வெட்டி ஒரு செ.மீ. இடைவெளி விட்டுத் தையுங்கள். காலைச் சுற்றி எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரு துண்டாவது தெரிய வேண்டும். அதற்கு மேல் நறுக்கினால் பரப்புக் குறைந்துவிடும்.

4. தையல் நாடாவின் ஓரத்திலிருந்து 3 மி.மீ. உள்ளே போகட்டும். நடுவில் குறுக்கும் நெடுக்கும் தைத்தால் ஒவ்வொரு ஊசித் துளையைச் சுற்றியும் மணிகள் உதிரும்.

5. வெல்க்ரோவின் சொரசொரப்பான பக்கம் வெளிப்புறம் பார்க்க வேண்டும். உள்ளே பார்த்தால் பத்துக் கிலோமீட்டரில் கால் தோல் உரிந்துவிடும். இதில்தான் அதிகமாகத் தவறுகிறார்கள்.

தைத்த பட்டையை இஸ்திரி போட வேண்டாம். சேறு படிந்தால் அலசிக் கையால் தேய்த்தால் போதும், பிரஷ் கூடாது. சேறோடு விட்டால் பட்டை கட்டியும் கட்டாத மாதிரிதான்.

சாமி படம், ‘சுவாமியே சரணம்’ என்ற எழுத்து, ஓம் எதுவும் காலில் கட்டுகிற பட்டையில் வரவே கூடாது. பிள்ளைகள் ஆர்வத்தில் முதலில் அதைத்தான் வரைவார்கள். தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். இலை, ஏலக்காய்க் கொத்து, அலை, புலித்தோல் வரி போன்றவை போதும். இருமுடியில் எதையும் ஒட்டச் சொல்லாதீர்கள்.

பட்டையை ஒவ்வொருவர் கையிலும் கொண்டுபோய்க் கொடுப்பதைவிடக் குருசாமியிடம் கொடுப்பதுதான் பலன் தரும். குருசாமி “கட்டிக்கோங்க சாமி” என்று ஒரு வார்த்தை சொன்னால் மொத்தக் குழுவும் கட்டிக்கொள்ளும். கொடுக்கும்போதே இரண்டு விஷயம் சொல்லுங்கள். நடைபாதை இல்லாத சாலையில் வலது ஓரமாக, எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி ஒற்றை வரிசையில் நடக்க வேண்டும். குழுவில் முதலில் போகிறவரும் கடைசியில் வருகிறவரும் டார்ச்சும் வைத்திருக்க வேண்டும். அன்னதானப் பந்தல்காரர்களிடம் இருபது பட்டையைக் கொடுத்து வைத்தால், பிற மாவட்டங்களிலிருந்து நடந்து வருகிற குழுக்களுக்கும் கிடைக்கும். மிஞ்சியதைத் தைப்பூசத்துக்குப் பழனி நடக்கிறவர்கள் வாங்கிக்கொள்வார்கள்.

ஸ்டெப்னி உறை

தோட்ட ஜீப்புகளில் பலவற்றுக்கு ஸ்டெப்னி பின்னால் தொங்கும். பின்னால் வருகிறவர் கண்ணுக்கு நேராக, வட்டமாக, ஏறக்குறைய 70 செ.மீ. குறுக்களவில் ஒரு தட்டு சும்மா கிடக்கிறது. மேல்நாட்டுப் பிள்ளைகளுக்குப் பனி தள்ளும் தகடு கிடைத்ததென்றால் நம் பிள்ளைகளுக்குக் கிடைத்த தகடு இதுதான். டயர் அளவு வண்டிக்கு வண்டி மாறும், அதனால் ஒவ்வொன்றையும் அளந்தே வெட்டுங்கள்.

சீட் கவர் தைக்கிற கடையில் கறுப்பு ரெக்சினில் உறை தைத்து, பின்பக்கம் எலாஸ்டிக் கோத்துத் தரச் சொல்லுங்கள். சொரசொரப்பான ரெக்சினில் ஸ்டிக்கர் நிற்காது. தைக்கக்கூடிய சிவப்பு ரேடியம் நாடாவை விளிம்பைச் சுற்றி வளையமாகத் தைக்க வேண்டும். 70 செ.மீ. வட்டத்துக்கு 2.2 மீட்டர் போகும். அகல நாடா வளைவில் சுருங்கும் என்பதால் 2.5 செ.மீ. நாடா வாங்குங்கள், அல்லது 5 செ.மீ. நாடாவைப் பத்துப் பன்னிரண்டு துண்டாக்கித் தையுங்கள். வளையத்துக்கு உள்ளே மாணவரின் படம்: ஒரு விலங்கு, ஒரு முகம், பெரிதாக ஒன்றே ஒன்று.

விளிம்பு சிவப்பாக இருப்பது அழகுக்காக அல்ல. வண்டிக்கு முன்னால் வெள்ளை, பக்கவாட்டில் மஞ்சள், பின்னால் சிவப்பு என்பது மோட்டார் வாகன விதிகளின் பிரதிபலிப்பு நிறமுறை. இந்த முறையை வைத்துத்தான் இருட்டில் ஒரு வண்டி வருகிறதா போகிறதா என்று டிரைவர்கள் கணிக்கிறார்கள். பின்பக்கம் வெள்ளை வளையம் போட்டால் எதிரே ஏதோ வருகிறது என்று குழம்புவார்கள். உறை டெயில் லைட்டையோ நம்பர் பிளேட்டையோ ஓரம்கூட மறைக்கக் கூடாது. டெயில் லைட் எரியாத ஜீப்புக்கு உறை கொடுப்பதற்கு முன், பல்பை மாற்றச் சொல்லுங்கள். உறை அதற்கு மாற்று ஆகாது.

பள்ளி வாசல் பலகை

பலகையை எங்கே வைப்பது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். கம்பம் வழியாகக் குமுளி ஏறுவது தேசிய நெடுஞ்சாலை 183. அதன் ஓரத்தில் நெடுஞ்சாலைத் துறையின் எழுத்து அனுமதி இல்லாமல் எதையும் நட்டுவைக்கக் கூடாது. லோயர்கேம்புக்கு மேலே மலைச்சாலை காட்டுக்குள் போகிறது, அங்கே முயற்சியே வேண்டாம். பள்ளியின் சுற்றுச்சுவர், வாசல் கம்பி, சொந்த இடத்தில் உள்ள கடைச்சுவர் இவை போதும். மரத்தில் ஆணி அடிக்க வேண்டாம். சிவப்பு ஓர முக்கோணம், எண்கோணம், சிவப்பு வட்டம் ஆகிய வடிவங்கள் அரசின் சாலைக் குறிகளுக்கு உரியவை. மாணவர் பலகை செவ்வகமாகவே இருக்கட்டும்.

பிளைவுட் மழையில் உப்பும், சன்போர்டு (நுரை அட்டை) காற்றில் பறக்கும், ஃப்ளெக்ஸ் சுருங்கும். 3 மி.மீ. ஏ.சி.பி. (இரண்டு அலுமினியத் தகட்டுக்கு நடுவே பிளாஸ்டிக் வைத்த) ஷீட் சரியாக வரும். 8 × 4 அடி ஷீட் ஒன்றில் 4 × 2 அடிப் பலகை நான்கு கிடைக்கும். வெட்டிய ஓரத்தை அரம் போட்டு, மூலைகளை வட்டமாக்குங்கள். கூர்மையான மூலையிலிருந்துதான் தாள் உரியத் தொடங்கும். ஸ்பிரிட்டால் துடைத்து, காய்ந்த பிறகு வெள்ளை ரேடியம் தாளை ஒரு முனையிலிருந்து பிளாஸ்டிக் தகட்டால் தேய்த்துக்கொண்டே ஒட்டுங்கள். சோப்புத் தண்ணீர் தெளித்து ஒட்டும் முறை இதற்கு வேண்டாம். இரண்டு தாள் சேரும் இடத்தில் மேல்தாள் கீழ்தாளின்மேல் ஒரு செ.மீ. ஏறியிருக்க வேண்டும், ஓட்டுக் கூரையில் போலத் தண்ணீர் வழிந்து போவதற்கு. உருவத்தைக் கறுப்பு வினைல் ஸ்டிக்கரில் வெட்டி ஒட்டுவது நல்லது. தின்னர் கலந்த எனாமல் சில தாள்களைச் சுருக்கிவிடும். போஸ்டர் கலர் முதல் மழையில் ஓடிவிடும்.

என்ன வரைவது? கார்த்திகையில் இந்தச் சாலையில் ஓட்டுகிறவர் தமிழ் படிப்பவரா, மலையாளமா, தெலுங்கா, கன்னடமா என்று சொல்ல முடியாது. நெரிசல் நாட்களில் கம்பம்மெட்டு வழியாக ஏறிக் குமுளி வழியாக இறங்கும்படி போலீஸ் ஒருவழி ஆக்குவதும் உண்டு, ஆகவே ஊருக்குப் புதியவர்கள் எந்தப் பக்கமிருந்தும் வருவார்கள். நான்கு மொழியிலும் எழுதினால் எதையும் யாரும் படிக்க மாட்டார்கள். தலையில் இருமுடியோடு நடக்கும் ஒரு கறுப்பு உருவம் இருந்தால் எல்லாருக்கும் புரியும். புத்தகப்பையோடு ஒரு பிள்ளையும் சேர்ந்தால் பள்ளிக்கும் பொருந்தும். இரண்டு காலுக்கும் நடுவே குறைந்தது 4 செ.மீ. வெள்ளை தெரியட்டும், கையும் உடம்பிலிருந்து விலகியே இருக்கட்டும். ஹெட்லைட் பட்டதும் வெள்ளை பொங்கிக் கறுப்பின் ஓரத்தைத் தின்னும். மெல்லிய கைத்தடி, விரல், முடி எல்லாம் மறைந்துபோகும். பகலில் கொஞ்சம் குண்டாகத் தெரிகிற உருவம்தான் இரவில் சரியாக இருக்கும்.

எழுத்து இருந்தே ஆக வேண்டுமானால் ‘மெதுவாக’ என்ற ஒரே சொல் போதும். 40 கி.மீ. வேகத்தில் வருகிறவர் பார்த்து, முடிவெடுத்து, நிறுத்துவதற்கு 45 மீட்டர் வேண்டும் என்பது இந்தியச் சாலைக் குழுமத்தின் (IRC) வடிவமைப்புக் கணக்கு. 60 கி.மீ. என்றால் 80 மீட்டர். 45 மீட்டரை 40 கி.மீ. வேகத்தில் கடக்க நான்கு விநாடிதான் ஆகும். அந்தத் தூரத்தில் படிக்க எழுத்து குறைந்தது 15 செ.மீ. உயரம் இருக்க வேண்டும், கோட்டுத் தடிமன் அதில் ஆறில் ஒரு பங்கு. தமிழில் புள்ளியும் கொம்பும் கொக்கியும் முதலில் கலங்கும், அவற்றைக் கொஞ்சம் பெரிதாகவே போடுங்கள்.

பலகையின் கீழ்விளிம்பு தரையிலிருந்து ஒரு மீட்டர் முதல் ஒன்றரை மீட்டர் வரை இருக்கலாம். மூடுபனியில் ஹை பீம் போட்டால் நீர்த்துளிகள் வெளிச்சத்தைக் கண்ணுக்கே திருப்பிவிடும், அதனால் நல்ல டிரைவர் லைட்டைத் தாழ்த்தித்தான் ஓட்டுவார். உயரத்தில் மாட்டிய பலகைக்கு அந்த வெளிச்சம் எட்டாது. வளைவாக இருந்தால் வெளிவளைவில் வைத்தது முன்கூட்டியே தெரியும், உள்வளைவில் வைத்தது கிட்ட வந்த பிறகுதான் தெரியும். சாலைக்கு மிகச் சரியாக நேர்முகமாக வைத்தால் கூசும். ஐந்து டிகிரி வெளிப்பக்கம் திருப்புங்கள்.

இரவுச் சோதனை

இதைச் செய்யாமல் எதையும் வெளியே அனுப்ப வேண்டாம். பள்ளி மைதானத்தில், பெற்றோர் அனுமதியோடு, ஏழு மணிக்கு மேல். சாலையில் அல்ல. ஆசிரியர் ஒருவர் மோட்டார் சைக்கிளில் உட்கார்ந்து லைட்டைத் தாழ்த்திப் போடட்டும். அளவு நாடாவால் 45 மீட்டர் அளந்து அங்கே பலகை, பட்டை கட்டிய ஒரு மாணவர், பட்டை கட்டாமல் கறுப்பு வேட்டியில் ஒருவர். மாணவர்கள் ஒவ்வொருவராக வண்டியில் உட்கார்ந்து, டிரைவர் கண் இருக்கும் உயரத்திலிருந்து பார்க்க வேண்டும். பக்கத்தில் நின்று பார்த்தால் தெரியவில்லை என்பார்கள், அது தாளின் குற்றமல்ல. பிறகு கண்ணுக்கு முன்னால் ஒரு பட்டர் பேப்பரைப் பிடித்துப் பார்க்கச் சொல்லுங்கள், மூடுபனிக்கு ஓரளவு கிட்ட வரும். என்ன படம் என்று அதற்கு முன் பார்க்காத பிள்ளையிடம் கேட்டு, நான்கு எண்ணுவதற்குள் பதில் வராவிட்டால் உருவத்தைத் திருத்த வேண்டும்.

போட்டோ எடுத்து வைத்துக்கொள்வதானால் ஃப்ளாஷ் போட்டு ஒன்று, போடாமல் ஒன்று எடுங்கள். ஸ்பான்சர் கேட்டுப் போகும்போது அந்த இரண்டு படத்தையும் காட்டினால் விளக்கம் தேவைப்படாது. கடைக்காரர் தன் பெயரைப் பலகையில் போடச் சொல்வார். பின்பக்கத்தில் போடலாம் என்று சொல்லுங்கள், முன்பக்கம் உருவத்துக்கு மட்டும்தான்.

தை பிறந்ததும் பலகையைக் கழுவி, மறுபடி ஒரு இரவு பாருங்கள். ஓரம் தூக்கியிருந்தால் அந்தத் துண்டை முழுதாக உரித்துப் புதிதாக ஒட்ட வேண்டும். பழைய பசையின்மேல் ஒட்டியது அடுத்த ஐப்பசியைத் தாண்டாது.